வியாழக்கிழமைக் குடித்தனம்

எனக்கும் யாக்கோபுக்கும் இருபத்திரண்டு வருடமாக வியாழக்கிழமை பின்னேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும்தான் கல்யாணம். மற்ற நேரமெல்லாம் நான் சிஞ்ஞோரா எமிலியானா என்ற வயதான அம்மாவின் வீட்டில் இருந்தேன். யாக்கோபு லிபெர்த்தா வீதியில் படுக்கையில் கிடந்த ஒரு பழைய கப்பல் இஞ்சினியரோடு இருந்தார். வயதானவர்களைப் பார்க்க வீட்டோடு தங்குகிற எங்களைப் போன்றவர்களுக்குக் கிழமையில் அந்த ஒன்றரை நாள்தான் விடுதலை. இரவானதும் அவரவர் எஜமான் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்த தமிழர் பாதிப் பேர் இப்படித்தான் பிழைத்தோம், இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

வியாழக்கிழமைகளில் வுச்சீரியாச் சந்தைக்கு மேலே குடியிருந்த எங்கள் ஊர்ச் சுவாம்பிள்ளை அண்ணன் தன் முன்னறையை எங்களுக்கு விடுவார். நாங்கள் படியேறும் சத்தம் கேட்டதும் அண்ணனும் அண்ணியும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கீழே சந்தைக்குப் போய்விடுவார்கள். நெடுநேரம் கழித்துக் கையில் ஒரு வெங்காயத்தோடு திரும்பி வருவார்கள். ஒற்றை வெங்காயம் வாங்கக் குடும்பமாகப் போனவர்கள் உலகத்திலேயே அவர்கள்தான். அந்தப் புண்ணியவான்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிள்ளை கிடைக்கவில்லை. கிழமைக்கு ஒருதரம் உழுதால் வயல் விளையுமோ என்று மாதா கோயில் வாசலில் ஒருத்தி பகிடி விட்டாள். அவளோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை.

சண்டையும் கிடையாது. ஒரு சொல் கூட உரக்கப் பேசிக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு ஆயத்தம் செய்கிற சோடிகளுக்குச் சாமியார் எங்களை உதாரணம் காட்டிப் பேசுவாராம். எனக்குச் சிரிப்பு வரும். கிழமைக்கு ஒன்றரை நாள் கிடைக்கிற புருசனோடு எவள் சண்டை பிடிப்பாள்? அவர் மேல் கோபம் வந்தால் அதைப் பொத்தி வைத்துத் திங்கட்கிழமை சிஞ்ஞோராவின் கம்பளத்தைப் பால்கனியில் தொங்கவிட்டு அடித்துத் தீர்ப்பேன். அந்தக் கம்பளத்துக்கு என் குடும்பக் கதை முழுக்கத் தெரியும். மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள் என்பார்கள். கிழமைக்கு ஒன்றாகச் செலவழித்ததால் எங்களுடையது கன காலம் கையில் இருந்தது, அவ்வளவுதான் இரகசியம்.

போன மாசியில் சிஞ்ஞோராவை அவருடைய மகன் தொரினோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பங்குனியில் இஞ்சினியர் கண்ணை மூடினார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தோம். "இனியாவது சேர்ந்திருங்கோ" என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஒரேத்தோ வீதியில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பகலில் இருவருக்கும் மணித்தியாலக் கணக்கில் துப்புரவு வேலை கிடைத்தது. மத்தியானத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

முதலில் கட்டில் வாங்கப் போனோம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து எங்களுக்கென்று ஒரு கட்டில் இருந்ததில்லை என்பது கடைக்குள் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதை மறைக்க விலையைப் பற்றிக் கடைக்காரனோடு வாதாடினேன். யாக்கோபு குனிந்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எந்தப் பொருளை வாங்கினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"இது நிண்டு பிடிக்குமே?" என்றார் என்னிடம்.

நான் இத்தாலியனில் கேட்டேன். கடைக்காரன் நெஞ்சில் கை வைத்து, "தூரா, சிஞ்ஞோரா! தூரா ஊனா வீத்தா!" என்றான். நிலைக்கும், ஆயுள் முழுக்க நிலைக்கும் என்று அர்த்தம். யாருடைய ஆயுள் என்று அவன் சொல்லவில்லை.

கட்டில் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுற்றி விருந்தாளிகள் போல நடக்கத் தொடங்கினோம்.

யாக்கோபு குசினிக்குள் வரும்போது கதவில் தட்டி, "பெர்மெஸ்ஸோ?" என்று உத்தரவு கேட்பார். தன் வீட்டுக் குசினிக்கு! நான் குளித்துவிட்டு வந்தால் துவாயை இரண்டு கையாலும் ஏந்தியபடி சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். நான் மட்டும் என்ன திறம்? அவருடைய கோழித் துண்டை எலும்பெடுத்துச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்தேன். சாப்பிட்டு முடிந்ததும் என் கை தானாகத் துடைக்கிற துணியை எடுத்து அவர் வாயோரம் போய்விட்டது. அவரும் குழந்தை போல முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார். பிறகு இருவரும் வெட்கப்பட்டு வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

வைகாசியில் ஆபிரிக்கப் பக்கமிருந்து சூட்டுக் காற்று வீசத் தொடங்கியது. மத்தியானத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அப்படி ஒரு மத்தியானம் நான் அயர்ந்து கிடந்தபோது யாரோ என் தோளுக்கடியிலும் இடுப்புக்கடியிலும் கை கொடுத்து என்னைப் புரட்டினார்கள். முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணையைச் செருகினார்கள். திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தால் யாக்கோபு பாதித் தூக்கத்தில் என் முதுகைத் தடவிப் பார்க்கிறார். நெடுங்காலம் படுத்துக் கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வருமே, அந்தப் புண் வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்!

"என்ன செய்யிறியள்?" என்று எழும்பிக் கத்தினேன்.

"திருப்பி விடுறன்."

"நான் என்ன சாகக் கிடக்கிற கிழவனே?"

அப்போதுதான் அவருக்கு முழிப்பு வந்தது. முகம் கறுத்துப் போயிற்று. "ஸ்கூசி" என்றார். சாமியார் முன்னால் தாலி கட்டின பெண்சாதியிடம், காலை மிதித்துவிட்ட பஸ் பயணி கேட்பது போல மன்னிப்புக் கேட்டார். நான் அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு நொந்திருக்காது, அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அந்தச் சொல்லைப் போல நொந்திருக்காது.

அன்றிலிருந்து அவர் கட்டிலுக்கு வரவில்லை. அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டு அதிலேயே இருந்தார். "நீர் படும், எனக்கு இது பழக்கம்" என்றார். ஆயுள் முழுக்க நிலைக்கிற கட்டிலில் நான் தனியாகப் புரண்டேன். எனக்கு வேறென்ன நினைக்கத் தோன்றும்? கிழவி உடம்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். வியாழக்கிழமைகளில் வாசனை பூசி, இருக்கிறதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனவளைப் பார்த்த மனிதர், இப்போது பழைய நைட்டியும் எண்ணெய்த் தலையுமாக எந்நேரமும் பார்க்கிறார். அலுக்காதா?

வீட்டுக்குள் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கழுவின தரையைக் கழுவினேன். பால்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன், திரும்பப் போனேன். அலுமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளினேன். அடுத்த நாள் திரும்பத் தள்ளினேன். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் துறைமுகம்வரை நடந்து, நேப்பிள்ஸ் கப்பலில் கார்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிறவர்கள் எல்லோரும் எனக்கு நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தொரினோவுக்குப் போன் எடுத்தேன். சிஞ்ஞோரா எமிலியானா நாற்பது வருடம் லத்தீன் படிப்பித்தவர். சாப்பாட்டு மேசையில் எந்தச் சொல் விழுந்தாலும் மீன் வெட்டுகிறவள் போல அதன் வயிற்றைக் கீறி உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. என் குடும்பக் கதையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் சொல்லைக் கேட்டேன். நிலைப்பது என்பதற்கு நீங்கள் தூரா என்கிறீர்களே, அது எங்கேயிருந்து வந்தது?

கிழவிக்குக் குரலே இளமையாகிவிட்டது. "லத்தீனில் தூருஸ் என்றால் கடினமானது. அதிலிருந்து தூராரே, கடினமாக்குவது. களிமண்ணைச் சுட்டால் இறுகும், இறுகினால் நெடுங்காலம் இருக்கும். உறுதி, நீடிப்பு, எதைச் சொன்னாலும் அடியில் இருப்பது அந்த இறுக்கம்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தேன்."

"அப்போ இறுகினால்தான் நிலைக்குமா?"

"அதில்தான் ஒரு சந்தேகம்" என்றார். "அறிஞர்கள் சிலர் இரண்டு வேர்கள் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்கிறார்கள். ஒன்று கடினம். மற்றது நீளம், தொலைவு. சமஸ்கிருதத்தில் தூர என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுவும் அந்த இரண்டாவது வேரில் வந்தது என்று அவர்களுடைய எண்ணம்."

"தூரம்! சிஞ்ஞோரா, அது எங்களுடைய சொல்!"

"உங்களுடையதா, அங்கிருந்து வாங்கினதா?"

"வாங்கினோமோ பிடுங்கினோமோ, இப்போது எங்கள் வாயில்தான் இருக்கிறது" என்றேன்.

அவர் சிரித்தார். "எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை, செலஸ்ரீனா. ஒரு ஊகம்தான்."

அந்தக் கடைசி வசனம் என் காதில் ஏறவேயில்லை. தூர இருந்தால் சேர உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? லத்தீன் பேசின ரோமாபுரிக்காரனுக்கும் அது தெரிந்திருக்கிறது. எங்கள் கல்யாணம் இருபத்திரண்டு வருடம் நின்று பிடித்தது அன்பினால் இல்லை, நடுவில் கிடந்த அத்தனை தெருக்களால். அந்தத் தெருக்களைத் திரும்ப நடுவில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவர் அலுத்து, நான் வெறுத்து, கடைசியில் முகம் பார்க்காமல் பிரிவதைவிட வியாழக்கிழமைக்கே திரும்பிப் போய்விடலாம். எனக்கு அவரை இழக்க மனமில்லை. அதனால்தான் அவரை விட்டுப் போக முடிவெடுத்தேன். கேட்டால் விசர்க் கதை போலத்தான் இருக்கும்.

இடமும் கைக்கு வந்தது. மொண்டெல்லோவில் கடற்கரையோரம் ஒரு சிஞ்ஞோராவின் தாய் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாராம். வீட்டோடு தங்க ஆள் தேடுகிறார்கள் என்று சுவாம்பிள்ளை அண்ணி சொன்னார். போன் எடுத்துக் கதைத்தேன். சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லும்படி கேட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் யாக்கோபு குசினியில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று சொன்னேன்.

"நான் மொண்டெல்லோவுக்குப் போறன். வீட்டோடை நிக்கிற வேலை."

அவர் அடுப்பைக் குறைத்தார். "ஓம்" என்றார்.

"ஓம் எண்டா?"

"உமக்கு விருப்பமெண்டா சரிதானே. எப்ப வெளிக்கிடுறீர்? பெட்டியை இறக்கித் தரட்டே?"

நான் பதில் சொல்லும் முன்பே போய் அலுமாரி மேலிருந்து என் பெட்டியை இறக்கினார். ஈரத் துணியால் தூசி துடைத்தார். சில்லை உருட்டிப் பார்த்தார். சிப்பை ஒரு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நல்ல பெட்டி. இன்னும் கனகாலம் நிண்டு பிடிக்கும்" என்றார்.

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. பெட்டியைக் காலால் உதைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

"பெட்டி நிண்டு பிடிக்கும், கட்டில் நிண்டு பிடிக்கும், நாங்கள் நிண்டு பிடிப்பமோ எண்டு கேக்க உங்களுக்கு வாயில்லையே? போகாதை எண்டு ஒரு சொல்லுச் சொல்லத் தெரியாதே?"

"சத்தம் போடாதையும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! என்னைப் பிடிக்கேல்லை எண்டா அதையாவது வாய் திறந்து சொல்லுங்கோ. வாசல்லை கதிரை போட்டுக் காவல் இருக்க நான் என்ன சவமே?" வாய் திறந்த பிறகு மூட முடியவில்லை. ரோமாபுரிக்காரனையும் இழுத்தேன். தூரம்தான் எங்களைக் காப்பாற்றியது, அந்தச் சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது, படித்த சிஞ்ஞோராவே சொல்லிவிட்டார் என்று மூச்சு விடாமல் கத்தினேன்.

"சொல்லு எங்கையிருந்து வந்தா எனக்கென்னடி!"

யாக்கோபுதான். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரிடமே அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. கையிலிருந்த ஈரத் துணியைத் தரையில் எறிந்தார்.

"இத்தனை வருசம் மற்றவன்ரை வீட்டிலை, மற்றவன்ரை கதிரையிலை இருந்து, ஒரு கிழவன்ரை மூச்சைப் பாத்துக்கொண்டிருந்தனான். என்ரை மனுசி எப்பிடி நித்திரை கொள்ளுவாள் எண்டு எனக்குத் தெரியாது. குறட்டை விடுவாளோ, கனவிலை புசத்துவாளோ, ஒண்டும் தெரியாது. இப்பதான் பாக்கிறன். ஐம்பத்தேழு வயசிலை இப்பதான் பாக்கிறன். வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாய். இடது கையைக் கன்னத்துக்குக் கீழை வைக்கிறாய். அதைப் பாக்கத்தான் கதிரையிலை இருக்கிறன். அதையும் விடமாட்டியே?"

"கட்டில்லை கிடந்து பாக்கேலாதே?" என்று மட்டும் கேட்டேன்.

"கிடந்தா கை திருப்பப் பாக்குது! நீ கத்துறாய்!"

பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தடதடவென்று அடித்தான். "பாஸ்தா!" என்று கத்தினான். தின்கிற பாஸ்தா இல்லை, போதும் நிறுத்துங்கள் என்று அர்த்தம். பெர்மெஸ்ஸோ கேட்டுக் குசினிக்குள் வருகிற என் புருசன் அந்தச் சுவரை நோக்கித் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, "காஸா மீயா! காஸா மீயா!" என்று கத்தினார். என் வீடு, என் வீடு. சுவருக்கு அப்பால் சத்தம் நின்றது.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. குரல் இறங்கிவிட்டது, ஆனால் இளகவில்லை.

"போறதெண்டா போ. மறிக்கேல்லை. ஆனா ஒண்டு சொல்லுறன், வியாழக்கிழமை நான் வரமாட்டன்."

சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இடுப்பில் இரண்டு கையும். தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிந்தது. இறுக்கமா, தூரமா, எந்த வேர் என்று எனக்கு இனித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சொல்லில் கடினமும் இல்லை, தொலைவும் இல்லை. நிற்க வேண்டும், பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதர் நின்றார். பிடித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனந்தமும் கோபமும் சரிக்குச் சரியாக வந்தன. "வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாய்" என்று சொன்னதை நான் இலேசில் விடப்போவதில்லை. அதற்கு ஒரு தனிச் சண்டை இருக்கிறது. நாளைக்குப் பிடிக்கலாம். நாளைக்கும் அவர் இங்கேதான் இருப்பார்.

அடுப்பை அணைத்துவிட்டு மொண்டெல்லோவுக்குப் போன் எடுத்தேன். வரமுடியாது என்றேன். அந்தச் சிஞ்ஞோராவுக்கு நம்ப முடியவில்லை. சம்பளம் காணாதா, அறை சின்னதா, அம்மா முசுடு என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் ஏன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெண்கள் கூடி நின்று புருசன்மாரைப் பற்றி ஒரு வசனம் சொல்லிப் புலம்புவார்கள். வேலைக்குப் போகக் கேட்டாலும் அந்த வசனம்தான், ஊருக்குப் போகக் கேட்டாலும் அந்த வசனம்தான். இருபத்திரண்டு வருடம் நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் புலம்ப ஒரு நாளும் வாய்த்ததில்லை.

பால்கனிக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"எனக்கு விருப்பம்தான், சிஞ்ஞோரா" என்றேன். "நான் என்ன செய்ய? என் மனுசன் விடுகிறார் இல்லை."